நூற்றுப் பன்னிரண்டாம் எண் துணிகள்

சிப்போராவை அடக்கம் செய்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய அழுக்குத் துணிகள் வழக்கம்போல் சலவைக்கு வந்திருந்தன. ஒரு நீலச் சட்டை, ஒரு காக்கிக் காற்சட்டை, காலுறைகள், பூப்போட்ட தலைத்துணி. எல்லாவற்றின் உள்மடிப்பிலும் நூற்றுப் பன்னிரண்டு என்று சிவப்பு நூலில் தைத்திருந்தது. எயின் ஷாகேத் கூட்டுப் பண்ணையில் ஆளுக்கு ஓர் எண். மாடும் மீன் குளமும் பருத்திக் காடும் எல்லோருக்கும் பொது. உடுத்துகிற துணி மட்டும் அவரவருடையது, அதையும் பொதுச் சலவைக்கூடத்தில்தான் வெளுக்க வேண்டும். சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட ஃப்ரூமா, மனைவியின் பழைய துணிகளை இம்ரேதான் கொண்டுவந்து போட்டிருப்பான் என்று நினைத்தாள். துவைத்து, தேய்த்து, மடித்து உரிய அடுக்கில் வைத்தாள். புதன்கிழமை அடுக்கு காலியாக இருந்தது. அடுத்த ஞாயிறு அதே துணிகள் மறுபடியும் கூடையில் கிடந்தன. இம்ரேயைக் கூப்பிட்டுக் கேட்டபோது, கெண்டை மீன் வாசனையோடு வாசலில் நின்றபடி, "நான் அவ அலமாரியத் தொறக்கவே இல்ல" என்றான். ஃப்ரூமா சட்டையின் கழுத்துப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது பழைய வேர்வை இல்ல. நேத்து உழைச்ச வேர்வை" என்றாள்.

சிலர் காவல் இருந்து பார்த்தார்கள். சரியான நேரத்தில் ஒரு மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடும், அல்லது தொலைபேசி அடிக்கும், அல்லது கூழைக்கடாக் கூட்டம் குளத்தில் இறங்கிவிட்டது என்று யாராவது கத்துவார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் அடுக்கு காலியாகிவிடும். பருத்தி எடுக்கும் காலம் வந்ததும் காவலை விட்டுவிட்டார்கள். ஆனால் விஷயம் பொதுக்கூட்டத்துக்குப் போனது. பண்ணையின் வரவுசெலவைக் கவனித்த டெவோரா எழுந்து, "தோழர்களே, இரக்கம் வேற, ஒழுங்கு வேற. செத்தவங்க செத்தவங்கதான். இன்னைக்கு ஒருத்திக்குச் சோப்புக் குடுத்தா நாளைக்குக் கல்லறையே வரிசையில வந்து நிக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "நிக்கட்டுமே, துவைக்கப் போறது நீயா நானா?" என்றாள் ஃப்ரூமா. டிராக்டர் கொட்டகைக்காரர் ஒருவர், சிப்போரா இந்த ஊர் முழுவதுக்கும் இத்தனை வருடம் வெங்காயம் உரித்தாளே, அதற்கு ஒரு வாளி தண்ணீர் தரக் கூடாதா என்று கேட்டார். கை தூக்கச் சொன்னார்கள். நெருங்கிய சொந்தம் ஓட்டுப் போடுவது முறையில்லை என்று இம்ரே மட்டும் கையைத் தூக்கவில்லை. அவள் துணிகளைத் துவைத்துக் கொடுப்பதென்ற தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகு அதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. பஸ்கா பண்டிகைக்கு எல்லோருக்கும் புதுச் சட்டை கொடுத்தபோது நூற்றுப் பன்னிரண்டுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதுவும் போனது, அழுக்காகித் திரும்பி வந்தது.

மகள் ஹெம்தாவுக்கு அப்போது பதினாலு வயது. பண்ணைப் பிள்ளைகள் பெற்றோரோடு தூங்குவதில்லை. குழந்தைகள் வீட்டில் வரிசைக் கட்டில்களில் தூங்குவார்கள். பெற்றோர் சாயங்காலம் வந்து படுக்கவைத்து, முத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சிப்போராவுக்கு அந்த நேரத்தில்தான் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவும் முறை. அதனால் ஹெம்தாவைப் படுக்கவைத்தது பெரும்பாலும் இம்ரேதான். அம்மா எப்போதாவது வந்தால் விரல்களில் வெங்காய வாசனை இருக்கும். தினமும் பள்ளி விட்டதும் செய்வதற்குப் பிள்ளைகள் ஏதாவது ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றபோது ஹெம்தா சலவைக்கூடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அம்மாவின் துணிகளை அவளே துவைத்தாள். துவைப்பதற்கு முன் கறைகளைப் படித்தாள். ஒரு வாரம் காற்சட்டை விளிம்பில் சிவப்பு மண் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் சிவப்பு மண் கிடையாது, அது கடற்பக்கத்து ஆரஞ்சுத் தோட்டங்களின் மண். இன்னொரு வாரம் அலை கடற்கரையில் ஒதுக்கும் தார். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் போகும். பிறகு முசுக்கட்டைப் பழச் சாறு, ஜெருசலேம் மெழுகுவத்தி, ஒருமுறை ஹெர்மோன் மலையின் பனி ஈரம். உயிரோடு இருந்தபோது வருடம் ஒரு தடவை லாரியில் போகும் பண்ணைச் சுற்றுலாவைத் தவிர எங்கும் போகாதவள் அவள். அங்கும் ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

"ஊரெல்லாம் சுத்துறா. என்னைப் பாக்க மட்டும் வழி தெரியல" என்றாள் ஹெம்தா ஒரு நாள்.

"உங்கிட்டதானேடி துணிய அனுப்புறா" என்றாள் ஃப்ரூமா.

"வேலைக்காரிகிட்டயும்தான் துணி அனுப்புவாங்க."

ஃப்ரூமா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

இம்ரே ஞாயிறுதோறும் மதியம் குளத்திலிருந்து ரப்பர் பூட்ஸோடு வந்து வாசலுக்கு வெளியே நிற்பான். "வந்துச்சா?" என்பான். "வந்துச்சுப்பா" என்பாள் மகள். திரும்பிப் போய்விடுவான். எங்கே போயிருந்தாள் என்று கேட்க மாட்டான். தார் வந்த வாரம், அம்மா கடலுக்குப் போயிருந்தாள் என்று ஹெம்தாவே சொல்லிவிட்டாள். அவன் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "அவளுக்கு நீச்சல் தெரியாதேம்மா" என்றான். அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டெவோராவின் மகன் நிம்ரோத் பருத்தி எடுக்கும் இயந்திரம் ஓட்டினான், ஹெம்தாவைவிட மூன்று வயது பெரியவன். அவன் சட்டையில் அந்த வருடம் பொத்தான் நிற்கவே இல்லை. "ஏண்டா, உன் சட்டையில மட்டும் எலி கடிக்குதா? பல்லக் காட்டு பாப்போம்" என்பாள் ஃப்ரூமா. அவன் ஊசி நூலோடு ஹெம்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இந்த வாரம் உங்கம்மா எங்க போயிருந்தாங்க?" என்று கேட்பான். ஊருக்குப் போய்வந்த ஆளைப் பற்றிக் கேட்பதுபோல இயல்பாகக் கேட்பான். அதற்காகவே ஹெம்தா அவனை விரும்பினாள். ஒரு சனிக்கிழமை இருவரும் சாலையில் போன வண்டிகளில் தொற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள், சிப்போராவைத் தேடிப் பார்ப்பதற்காக. அவளைக் காணவில்லை. வெயிலில் தர்பூசணி தின்றார்கள், கால் முழுக்கத் தார் அப்பிக்கொண்டது, அவன் அவளை முத்தமிட்டான். மறுநாள் கூடையைக் கவிழ்த்தால் அம்மாவின் காற்சட்டையில் அதே தார், மடியில் ஒரு தர்பூசணி விதை. "பாத்திருப்பாங்களோ?" என்றான் நிம்ரோத் காது சிவந்து. ஹெம்தா முகத்தை நுரைக்குள் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவன் ராணுவத்துக்குப் போனான். டாங்கிப் படையில் போட்டார்கள். யோம் கிப்பூர் என்கிற நோன்பு நாளில் யுத்தம் தொடங்கி, வாரம் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை சிப்போராவின் துணிகள் கறுப்பாக வந்தன. மாவுபோல நைசான கருங்கல் தூசி. சண்டை நடந்த கோலான் மேட்டில்தான் அந்தத் தூசி உண்டு. காற்சட்டையின் மடியில் காய்ந்த ரத்தம் வட்டமாகப் படர்ந்திருந்தது. "குளிர்ந்த தண்ணி, கொஞ்சம் உப்பு. வெந்நீர் பட்டா கறை நின்னுடும்" என்றாள் ஃப்ரூமா. வேறொன்றும் சொல்லவில்லை. ஹெம்தா கை சிவக்கத் தேய்த்து அலசினாள். செவ்வாய்க்கிழமை அதைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது சாவுச் செய்தி கொண்டுவரும் ராணுவ அதிகாரிகள் இருவரும் ஒரு டாக்டரும் டெவோராவின் வீட்டை நோக்கி நடந்து போவதைப் பார்த்தாள். கொடியில் காற்சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

அதன் பிறகு அவள் சலவைக்கூடத்துக்குப் போகவில்லை. பேரீச்சம்பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் யாருக்கும் முகம் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். "அவ்வளவு தூரம் போனவ அவனைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாமேப்பா" என்று அப்பாவிடம் சொன்னாள். இப்போது ஞாயிறுதோறும் சலவைக்கூட வாசலில் இம்ரேக்குப் பக்கத்தில் டெவோராவும் வந்து நின்றாள். செத்தவர்கள் செத்தவர்கள்தான் என்று சொன்ன அதே டெவோரா. மகனின் எண்ணைச் சொல்லி, "வந்துச்சா?" என்று கேட்டாள். வரவில்லை. ஒருபோதும் வரவில்லை. ஃப்ரூமாகூட அதைக் கேலி செய்யவில்லை. டாங்கியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, நிம்ரோத் சாயங்காலம்வரை உயிரோடு கிடந்தானாம். "தனியாக் கெடந்தானாம்" என்று டெவோரா எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். உணவுக்கூடத்தில் தட்டைப் பிடித்தபடி சொன்னாள், பால் கொட்டகையில் மாட்டிடமும் சொன்னாள்.

ஹெம்தா பல நாள் அதைக் கேட்டும் கேளாததுபோல் இருந்தாள். பிறகு ஒரு மதியம் சலவைக்கூட அடுக்கிலிருந்து அம்மாவின் காற்சட்டையை எடுத்துக்கொண்டு போய் டெவோராவின் கதவைத் தட்டினாள்.

"அவன் தனியா இல்ல, டெவோரா."

"யாரு சொன்னா?"

"இதோட மடியில ரத்தம் இருந்துச்சு. அந்த ஊரு தூசியும் இருந்துச்சு. நான் அலசிட்டேன். எனக்குத் தெரியாது... நான் அலசிட்டேன்."

டெவோரா காற்சட்டையை வாங்கித் தன் மடியில் விரித்தாள். விரலால் தடவிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் இருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"வட்டமா. தலைய வச்சுப் படுத்திருந்த மாதிரி."

"ரொம்ப நேரமா?"

"அடி மடிப்பு வரைக்கும் ஊறியிருந்துச்சு. ரொம்ப நேரம் அசையாம உக்காந்திருக்கணும்."

டெவோரா தலையை ஆட்டினாள். "நல்லாத்தான் துவைச்சிருக்க" என்றாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. செய்தி வந்த நாளிலிருந்து வராத அழுகை, பக்கத்து வீடுகளில் பாத்திரம் அதிரும்படி வந்தது. ஹெம்தாவும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த வாரத்திலிருந்து நூற்றுப் பன்னிரண்டாம் எண் துணிகளை டெவோராதான் தேய்த்தாள். இடுப்பு ஒடிந்து படுக்கும்வரை அந்த வேலையை வேறு யாருக்கும் விடவில்லை.

வருடங்கள் போயின. இம்ரே, அக்கார்டியன் வாசிக்கும் ஷூலாவை மணந்துகொண்டான். துணிகள் நின்றுவிடுமோ என்று கல்யாண வாரம் பயந்து குளத்திலேயே ஒளிந்திருந்தான். அந்த ஞாயிறு சிப்போராவின் பூப்போட்ட பாவாடை வந்தது, ஒயின் சிந்தி, ஓரமெல்லாம் ஆட்டத்தில் கிழிந்து. "என்னைவிட நல்லா ஆடியிருக்கா" என்றாள் ஷூலா, கிழிசலைத் தானே தைத்துக் கொடுத்தாள். ஹெம்தா ஹைஃபாவில் தாதிப் படிப்பு முடித்துத் திரும்பி, யோராம் என்கிற மாட்டு டாக்டரைக் கட்டிக்கொண்டாள். அவனிடம் முதலிலேயே நிம்ரோத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவன் கேட்டுக்கொண்டான், பிறகு ஒவ்வொரு வருடமும் நினைவு நாளில் கல்லறைக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு அவளோடு போனான். "நான் போனா ஒரு கைக்குட்டைகூட அனுப்ப மாட்டேன், போதும்டியம்மா" என்று சொல்லியிருந்த ஃப்ரூமா, செத்த பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். குழந்தைகள் வீட்டை மூடினார்கள், பிள்ளைகள் பெற்றோரிடமே தூங்கத் தொடங்கினார்கள். பிறகு பண்ணை பொது என்பதே மெல்லக் குறைந்து, ஆளுக்குச் சம்பளம் வந்து, வீட்டுக்கு ஒரு சலவை இயந்திரம் வந்து, சலவைக்கூடத்தை ஒரு பாலாடைக்கட்டிக்காரருக்கு வாடகைக்கு விட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு என்ன செய்யும் என்று யாரும் கூட்டம் போடவில்லை. கூட்டங்களும் நின்றுபோயிருந்தன.

மூடிய அடுத்த ஞாயிறு, ஹெம்தா தன் வீட்டுக் குளியலறைக் கூடையைக் கவிழ்த்தபோது, யோராமின் மாட்டு வாசனைச் சட்டைக்கும் மகளின் நீச்சல் உடைக்கும் நடுவில் அம்மாவின் நீலச் சட்டை கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அதைச் சற்று நேரம் மடியில் வைத்திருந்தாள். அப்போது அவள் வயது அம்மா இறந்த வயதைத் தாண்டியிருந்தது. கறைகளைப் படிக்கவில்லை. எல்லாத் துணிகளோடும் சேர்த்து இயந்திரத்தில் போட்டாள்.

சாயங்காலம் மகள் நீலம் ஏறிப்போன தன் சட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "என்னம்மா இது! வெள்ளைச் சட்டை. யாரோட துணியோட போட்டீங்க?"

"எங்கம்மாவோடத."

"சாயம் போற துணியத் தனியாப் போடச் சொல்லுங்க அவங்களை."

"நீயே சொல்லு. எனக்குப் பயம்" என்றாள் ஹெம்தா.

கூடவே வந்திருந்த அம்மாவின் காலுறைகளின் குதிகால் தேய்ந்து ஓட்டையாகியிருந்ததை மடிக்கும்போதுதான் பார்த்தாள். அஃபூலா சந்தைக்குப் போனபோது தடிப்பான பருத்தியில் புது ஜோடிகள் வாங்கிவந்து, எண் தைக்காமல், அலமாரியில் தன் துணிகளுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அடுத்த ஞாயிறு அவை கூடைக்கு வந்திருந்தன, குதிகால் முழுக்க ஈரச் சேற்றோடு.