பெண்கள் வார்டு, 1911

மேட்டில் இருக்கும் கட்டடத்துக்கு அரசாங்கம் ஸ்கார்ஹோம் மருத்துவமனை என்று பெயரை மாற்றிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் மாற்றவில்லை. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அது இன்னமும் ஏழை விடுதிதான், வேறு கதியில்லாதவர்களை அடைத்துவைத்த இடம்தான். அந்த வார்த்தையைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "மேட்டுக்குப் போயிட்டார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், மருத்துவமனை நலச் சங்கத்துப் பெண்மணிகள் 1974ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்தார்கள். கிடங்கில் கிடந்த பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கி, ஓக் மரச் சட்டம் போட்டு, நடைபாதையில் மாட்டினார்கள். கீழே பித்தளைத் தகட்டில், 'ஏழை விடுதி மருத்துவப் பிரிவு, பெண்கள் வார்டு, 1911' என்று பொறித்தார்கள். இரண்டு வரிசை இரும்புக் கட்டில்கள், நடுவில் கணப்பு, விறைத்து நிற்கும் நர்சுகள், ஒரே மாதிரித் தொப்பியும் சால்வையும் அணிந்த கிழவிகள்.

நகரத்தில் இடுப்பு எலும்புக்கு அறுவை சிகிச்சை முடிந்து, மறுபடி நடந்து பழகுவதற்காக, எழுபதைத் தாண்டிய ஹெட்டி ஆக்ராய்டை இங்கே கொண்டுவந்தார்கள். அவள் படுத்திருந்த சக்கரக் கட்டிலைத் தள்ளிவந்தவர் சக ஊழியரோடு ரக்பி ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்காக நின்ற இடம் அந்தப் படத்துக்கு நேர் எதிரே. ஹெட்டி அதை நன்றாகப் பார்த்தாள். வார்டுக்குள் போனதும், படத்தில் இருந்த அதே வளைவு ஜன்னல்கள் தலைக்கு மேலே நின்றன. நர்ஸ் அவளுடைய கோட்டையும் கவுனையும் ஒரு பையில் போட்டு, வீட்டுக்கு எடுத்துப் போகும்படி அவள் கணவர் வில்ஃபிடம் கொடுத்தாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதென்று அவரையும் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். எல்லா வார்டிலும் நடப்பதுதான். ஆனால் உடுப்பைப் பறிப்பதும் புருஷனைப் பிரிப்பதும் எந்த இடத்து வழக்கம் என்று ஹெட்டிக்குத் தெரியும். அவளுடைய சித்தியும் சித்தப்பாவும் ஒரே வாசல் வழியாகத்தான் இங்கே நுழைந்தார்கள். அவர் இடப்பக்கம், இவள் வலப்பக்கம். அவர் செத்துப்போன செய்தியை, அவரைப் புதைத்த பிறகுதான் சித்திக்குச் சொன்னார்கள்.

மறுநாள் மதியம் வில்ஃப் வந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுச் சாவி உங்கிட்டதானே இருக்கு?" அந்தக் காலத்தில் மேட்டுக்குப் போனவர்களுக்குத் திரும்பிவர வீடு இருந்ததில்லை.

சாப்பாடு தொடாமல் இருந்தது. நடைப் பயிற்சி தர வந்த பெண்ணையும் திருப்பி அனுப்பியிருந்தாள். சீக்கிரம் எழுந்து நிற்காவிட்டால் பிறகு எழவே மாட்டாள், அப்படியானால் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று டாக்டர் வில்ஃபிடம் சொல்லியிருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் வில்ஃப். பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் அன்று முயன்றார். அவள் நடைபாதைப் படத்தைப் பற்றிக் கேட்டதும், அது ஏதோ பழைய பள்ளிக்கூடத்துப் படம் என்றார்.

"பள்ளிக்கூடத்துல கிழவிங்கள எதுக்குப் படுக்க வெச்சிருக்காங்க? பெயிலானவங்களா?"

பக்கத்துக் கட்டில்காரி போர்வைக்குள் சிரித்தாள்.

வில்ஃப் வார்டின் தலைவி சிஸ்டர் மார்ஸ்டனிடம் போய் முறையிட்டார். சிஸ்டர் உடனே படத்தைக் கழற்றித் தன் அறையில் வைத்துவிட்டார். அது தப்பாகிப் போனது. மறைக்கிறார்கள் என்றால் இது அதே இடம் என்றுதானே அர்த்தம் என்று ஹெட்டி மறுநாள் காலைக் கஞ்சியையும் ஒதுக்கிவிட்டாள்.

அன்று மதியம் வில்ஃப் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு கையாலும் தூக்கிவந்து அவள் படுக்கையில் சாய்த்து வைத்தார்.

"ஆமா கண்ணு, இதே ரூம்தான். நீயே பாரு."

ஹெட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். "இதுல ஒரு ஆம்பளையாவது இருக்கானா, வில்ஃப்?"

"ஓரத்துல டாக்டர் ஒருத்தர் நிக்கிறார்."

"அவர் இதுல யாருக்கும் புருஷன் இல்ல."

பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்தது. சிஸ்டர் மார்ஸ்டனின் மணிக்கு எங்கள் ஊரில் மேயர்கூட எழுந்து வெளியே போவார். மற்ற பார்வையாளர்கள் கோட்டைத் தேடினார்கள். வில்ஃப் தொப்பியைக் கழற்றிக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் ஆக்ராய்ட்," என்றார் சிஸ்டர்.

"நான் போகல, சிஸ்டர். அந்தக் காலத்துல இங்க எந்தப் புருஷனையும் உக்கார விடல. அதனாலதான் உக்காந்திருக்கேன்."

சிஸ்டர் படத்தைப் பார்த்தார். ஹெட்டியைப் பார்த்தார். பிறகு போய், தட்டில் இரண்டு கோப்பைத் தேநீரும் மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட அப்பமும் கொண்டுவந்தார்.

"பேஷண்டுக்கு ஊட்டிவிட ஆள் வேணும்னு எழுதிக்கறேன். இவங்க எழுந்து நடக்கிற வரைக்கும் தினமும் வாங்க. மத்த கட்டில் பக்கம் கண்ணு போகக் கூடாது."

"இந்த வயசுல கண்ணு போனாலும் ஒண்ணும் தெரியாது சிஸ்டர்," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

வார்டுக் கதவு சாத்தப்பட்டது. யாரும் வந்து அவரை அழைத்துப் போகவில்லை. ஹெட்டி கதவையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வில்ஃப் அவளுடைய தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்.

"அது எனக்கு வந்தது," என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு, வீட்டில் என்ன சமைக்கிறாய் என்று விசாரித்தாள். முட்டை பொரித்ததாகவும், சட்டி கொஞ்சம் கருகிவிட்டதாகவும் அவர் ஒப்புக்கொண்டார்.

"எந்தச் சட்டி?"

"பெரிசு."

"எங்கம்மா குடுத்ததா?"

வில்ஃப் தேநீரைக் கலக்க ஆரம்பித்தார். ஹெட்டி சிஸ்டரைக் கூப்பிட்டாள்.

"அந்த நடக்க வைக்கிற பொண்ணு காலைல எப்ப வருவா?"

பத்து மணிக்கு என்றார் சிஸ்டர்.

"ஒம்பதுக்கே வரச் சொல்லுங்க."