அசையாத மூவாயிரம்

ரேடார் திரையில் தங்கையின் குட்டி விமானம் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் அதன் உயரம்: மூவாயிரம் அடி. அந்த எண்ணைத் தானாகவே தரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அக்கா ஆறு வருடம் மல்லுக்கட்டிச் செய்த டிரான்ஸ்பாண்டர். சோப்புக்கட்டி அளவுப் பெட்டிதான். இரண்டு சோதனையில் தோற்றாயிற்று. இன்று மூன்றாவது, இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. “எங்கக்கா செஞ்சதை நான்தான் ஓட்டுவேன்” என்று ஒற்றைக்காலில் நின்று ஏறிப் போயிருந்தாள் தங்கை.

போன முறை சான்றிதழ் அதிகாரி, “எண் குதிச்சுக்கிட்டே இருக்கேம்மா” என்று உதட்டைப் பிதுக்கியிருந்தார். அதனால் அக்கா பெட்டிக்குப் புத்தி சொல்லி வைத்தாள்: உயரம் சட்டென்று மாறினால் நம்பாதே, பழைய எண்ணையே அனுப்பு.

“இப்ப பாருங்க, எண் அசையவே இல்ல. உங்க தங்கச்சிக்குக் கெட்டியான கை!” அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

கெட்டியாவது மண்ணாவது! ஓரிடத்தில் ஒழுங்காக உட்காரத் தெரியாத வாலு அவள். மேகத்துக்குள், அந்தத் தம்மாத்துண்டு விமானத்தில், பத்து நிமிடமாக ஒரே உயரமா? அக்காவுக்குப் புரிந்துவிட்டது. காற்று அவளைத் தூக்கியிருக்கிறது. பெட்டி அதை நம்பவில்லை. இனி எதையும் நம்பாது, மூவாயிரத்திலேயே நிற்கும்.

ரேடார்காரர் மைக்கில் ஒரு தபால் விமானத்திடம், “நாலாயிரத்துக்கு இறங்குங்க” என்றார். அதுவும் அதே மேகத்துக்குள்.

சொன்னால் பெட்டி செத்தது. பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது. ஒரு கையெழுத்துதானே, அது முடியட்டுமே... அவள் வாயைத் திறக்கவில்லை. பாவி, திறக்கவில்லை! இரண்டு புள்ளிகளும் நெருங்கின.

“அந்த எண் பொய்! அவகிட்ட வாயால கேளுங்க!”

ரேடார்காரர் கேட்டார். இரைச்சலுக்கு நடுவே தங்கையின் குரல் வந்தது: “மூவாயிரத்தி எண்ணூறு... காத்து தூக்குது, பிடிக்க முடியல!”

“தபால் விமானம், வலது பக்கம் திரும்புங்க! உடனே!”

புள்ளிகள் ஒன்றாயின. பிறகு பிரிந்தன. அதிகாரி கோப்பை மூடிக்கொண்டு எழுந்து போனதை அக்கா கவனிக்கவே இல்லை.

தரையிறங்கிய தங்கை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “இறக்கை உரசுற மாதிரி போச்சுக்கா. பெட்டி போனாலும் போகுதுன்னு, தெரிஞ்ச உடனே கத்திட்டியாமே?”

“ஆமாடி கண்ணு,” என்றாள் அக்கா. “உடனே.”