அக்கரைக்குக் கேட்கும் சத்தம்

துரைக்கண்ணு கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி, ஒரு காலைப் படகுப் பலகையில் ஊன்றி, தம் பிடித்து இழுத்தான். எஞ்சின் 'புஸ்' என்றது. அவ்வளவுதான். சைலன்சர் குழாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வழிந்தது.

"துப்புது பாரு! எங்கண்ணன் இருந்தா இதுக்கு இந்தத் தைரியம் வருமா?" என்றவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அண்ணன் இருந்தான். கரையில், மாரியப்பனின் மாட்டு வண்டியில், தார்ப்பாய்க்குக் கீழே.

பாஞ்சாலி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விடியற்காலை திண்டிவனம் ஆஸ்பத்திரியில் புருஷன் தேவநாதனின் மூச்சு நின்றதிலிருந்து அவள் இன்னும் அழவில்லை. அழுகை வராமல் இல்லை. தோளைக் கட்டிக்கொண்டு அழ இன்னொரு பொம்பளை வேண்டும். வழி நெடுக வண்டிக்காரனும் கொழுந்தனும் பேசியதெல்லாம் எந்தப் பாதை உடைந்தது, எந்தப் பாலம் போனது என்றுதான். இரண்டு ஆம்பளைகளுக்கும் இரண்டு மாடுகளுக்கும் நடுவில் தனியாக ஒப்பாரி வைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

எதிரே கழுவெளிச் சதுப்பு. கோடையில் மாடு மேய்கிற இடம், புயலுக்குப் பிறகு கடல் மாதிரி கிடந்தது. அக்கரையில் அவர்கள் ஊர். தோணிக்காரர்கள் காற்றுக்குப் பயந்து போய்விட்டார்கள். மிச்சம் தேவநாதனின் மோட்டார்ப் படகுதான். காய்ச்சலில் துவண்டவனை அதில்தான் இந்தக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். கட்டிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளில் மழை படகை நிரப்பி, எஞ்சினை முழுக்காட்டிவிட்டது. இறைத்துக் கொட்டவே மத்தியானம் தாண்டிவிட்டது.

மாரியப்பன் பீடியை மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"யம்மா, தப்பா நெனைக்காத. பொழுது எறங்குது. அதோ அந்த மேட்டுல பொதச்சிடலாம். ஆளுங்கள நான் கூட்டியாறேன்."

"எம் பொண்ணு அவுரு மொகத்தப் பாக்கணும்."

"ராவெல்லாம் இந்த ஈரத்துல கெடந்தா, நாளிக்குப் பாக்கற மாதிரியாம்மா இருக்கும் மொகம்?"

மகள் பூமாலைக்குப் பதின்மூன்று வயது. அப்பன் போன விஷயமே அவளுக்குத் தெரியாது. சொல்லி அனுப்ப ஆளும் இல்லை, வழியும் இல்லை.

துரைக்கண்ணு மறுபடி இழுத்தான். மறுபடி 'புஸ்'.

விழுப்புரத்தில் ஏதோ ஒரு மில்லில் ஏலம் விட்ட பம்புசெட் எஞ்சின் அது. தேவநாதன் அதை வாங்கிவந்து படகில் பூட்டிய நாளிலிருந்து பாஞ்சாலிக்கு அது சக்களத்தி. "எனக்கு ஒரு மூக்குத்திக்கு வழியில்ல, அந்த மூதேவிக்கு மாசம் ஒரு பிளக்கு!" என்று கத்தியிருக்கிறாள். அவன் சிரிப்பான். "அது கத்தினாதான்டி நான் வர்றது உங்களுக்குத் தெரியும்."

அதுவும் நிஜம்தான். தூரத்தில் சத்தம் கேட்டதும் பூமாலை அப்பன் குளிக்க வெந்நீர்ப் பானையைக் கொல்லை அடுப்பில் ஏற்றுவாள். படகு கரை தட்டுவதற்கும் தண்ணீர் சுடுவதற்கும் சரியாக இருக்கும்.

பாஞ்சாலி எழுந்து தண்ணீர் ஓரம் போனாள்.

"பெட்ரோலு மாத்தினியா, துரை?"

"அடியில நின்ன தண்ணியெல்லாம் வடிச்சிட்டேன் அண்ணி. புதுசு ஊத்தியாச்சி. பிளக்கு மேல பெட்ரோல விட்டு நெருப்பு வெச்சிக்கூட காயவெச்சேன். பொறியே வரமாட்டேங்குது." அவன் பிளக்கைக் கழற்றி எஞ்சின் இரும்பின்மேல் ஒட்ட வைத்தான். "மாரியப்பா, ஒரு சுத்து சுத்து."

மாரியப்பன் சக்கரத்தைச் சுண்டினான். பிளக்கின் முனை கறுப்பாகவே இருந்தது.

"பேஜாரா பூட்ச்சி" என்று துரைக்கண்ணு தலையில் கை வைத்தான். "நான் சும்மா ஓட்டிக்கினு இருந்தவன் அண்ணி. ரிப்பேரெல்லாம் அண்ணந்தான்."

பாஞ்சாலிக்கு ஒரு பழைய சண்டை ஞாபகம் வந்தது. இதேபோல ஒரு மழையில் எஞ்சின் நனைந்தபோது, தேவநாதன் வீட்டுக்குள் கொடியில் உலர்ந்து கிடந்த அவளுடைய சேலையை உருவிக்கொண்டு ஓடினான். கல்யாணச் சேலை. திரும்பி வந்தபோது பாதிதான் இருந்தது. அதற்கு அவன் சொன்ன சமாதானம் இன்னும் காதில் இருந்தது.

"மேக்னட்டு நனைஞ்சா ஆண்டவனே வந்து இழுத்தாலும் பொறி வராது, துரை. அதத் தொறந்து தொடச்சியா?"

துரைக்கண்ணு விழித்தான். "மூடிய மேலால தொடச்சேன்."

"உள்ள தொடைக்கணுமாம். நல்லா காஞ்ச துணியால."

மூடியைக் கழற்றினார்கள். உள்ளே வியர்த்துக் கிடந்தது. துரைக்கண்ணு இடுப்பு வேட்டியைத் தொட்டான், பிழிந்தால் சொட்டும். மாரியப்பனின் துண்டும் அப்படித்தான். பாஞ்சாலியின் புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. அந்தக் கரையில் காய்ந்த துணி என்று ஒன்றுதான் இருந்தது.

அவள் வண்டிக்குப் போய், எண்ணெய்த்தாளில் சுற்றி வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். புருஷனுக்குப் போர்த்தத் திண்டிவனம் கடைத்தெருவில் காலையில் எடுத்த கோடித்துணி. கஞ்சி மொடமொடப்பு போகவில்லை. ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரு முழ அகலத்துக்குக் கிழித்தாள்.

"அய்யய்யோ, கோடிம்மா அது!" என்றான் மாரியப்பன்.

"பரவால்ல. கோச்சிக்கமாட்டாரு."

துரைக்கண்ணு துடைத்தான். துணி ஈரமானால் காய்ந்த பக்கமாக மடித்தான், மறுபடி துடைத்தான். மூவரும் குனிந்து அந்தச் சின்னப் பெட்டிக்குள் பார்த்தார்கள். பிளக்கை இரும்பில் வைத்துச் சுற்றியபோது, நீலமாக ஒரு பொறி 'டிக்' என்று தெறித்தது.

"வந்துட்ச்சி!"

கயிறு. ஒரு இழுப்பு. வெள்ளைப் புகை. இன்னொரு இழுப்பு. இருமியது, தும்மியது, நிற்கப் போவதுபோல் திணறியது, பிறகு பிடித்துக்கொண்டது. டப் டப் டப் என்று தண்ணீர் முழுக்க அந்தச் சத்தம் பரவியது.

"ஜல்தி! தூக்கு, தூக்கு! நின்னுச்சின்னா போச்சி!"

எஞ்சின் ஓட ஓடவே தேவநாதனை இறக்கினார்கள். மாரியப்பன் முழங்கால் தண்ணீரில் நின்று படகைத் தள்ளிவிட்டான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, படகு சிறியதாகும்வரை நின்றான்.

பாஞ்சாலி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கோடியைப் பிரித்துப் போர்த்தினாள். கிழித்த அளவு குறைந்து, பாதம் இரண்டும் வெளியே தெரிந்தன. தன் முந்தானையைப் பிழிந்து அங்கே போட்டாள். வீட்டுக்கே கொண்டுபோகிறோம். முகம் அப்படியேதான் இருக்கிறது. பொழுதும் இருக்கிறது. இனி அழலாம். இந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

வாயைத் திறந்தாள்.

இந்தச் சத்தம். இது அக்கரைக்குக் கேட்கும்.

"துரை! நிறுத்து அத!"

"இன்னா அண்ணி?"

"எஞ்சின நிறுத்து! நிறுத்துடா!"

"நடுத் தண்ணியிலயா? நிறுத்தினா மறுபடி புடிக்காது அண்ணி! காத்து தள்ளிக்கினு பூடும்!" துரைக்கண்ணு ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, பயந்துபோய் அவளைப் பார்த்தான். "இன்னாச்சி?"

அவள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனைமரங்கள் தெரிந்தன. பிறகு கூரைகள். கடைசிக் கூரை அவர்களுடையது.

அதன் பின்புறத்திலிருந்து புகை கிளம்பியது. மழையில் நனைந்த விறகு போலிருக்கிறது. முதலில் கறுப்பாகத் திணறி, கலைந்து, மறுபடி திணறியது. யாரோ விடாமல் ஊதிக்கொண்டிருக்கவேண்டும். படகு நெருங்க நெருங்க, புகை வெளுத்து நேராக மேலே ஏறியது.