தீபிகா துளைத்த தாலாட்டு

"அதுல கை வெக்காதீங்கன்னு எத்தன வாட்டி—"

"கை வெக்காம எப்புடிப் புள்ள பாடும்? காத்து லீக்காவுது, கேக்குதில்ல?"

"லீக்கோடயே பாடட்டும். அவ இருக்கறப்ப அப்புடித்தான பாடுச்சு."

"நாளைக்கு அவளுக்கு வருசத் திதி. சொந்தஞ்சுருத்து முன்னால இருமிக்கிட்டா பாடோணும்?"

மனைவி அங்கம்மாள் தடுத்தும் குமரகுரு பியானோவின் அடிப்பலகையைக் கழற்றியே விட்டார். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டி மண்டை நரைத்தவர். கம்ப்ரஸர் ஹோஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

ஏற்காட்டில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது மகள் தீபிகா ஆசைப்பட்டு வாங்கி வந்த பழம்பெட்டி அது. உள்ளே காகிதச் சுருள் ஓடும். அதிலுள்ள ஓட்டைகள் வழியே காற்று இழுபட, கட்டைகள் தாமாக அழுந்தும். மெதுவாகவா, ஓங்கியா என்பதற்கும் தனி ஓட்டைகள். காய்ச்சலில் போவதற்கு முன் அவள் அம்மாவின் தாலாட்டை, துளைப்பதும் போட்டுக் கேட்பதுமாக, தன் கையாலேயே ஒரு சுருளாக்கியிருந்தாள்.

இற்றுப்போன ரப்பர் குழாய்களை உருவி எறிந்து புதிது மாட்டினார். பிறகு சோதனைச் சுருளை ஓடவிட்டார். இருப்பதிலேயே மெல்லிய சுரம் கேட்டும் கேட்காமலும் வர வேண்டும்; அதுவரை ஸ்க்ரூவைத் திருக வேண்டும். திருகினார். கட்டைகள் அத்தனையும் சொன்னபடி கேட்டன.

"இப்பக் கேளு," என்று மகளின் சுருளை மாட்டினார்.

தாலாட்டு இடித்தது.

"என்னுங்க இது, தூங்கற புள்ளைய அடிச்சு எழுப்பறாப்புல?" அங்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காற்று ஒழுகும் பெட்டியில் கேட்டுக் கேட்டுத் துளைத்த பெண், ஒழுகும் காற்றுக்கும் சேர்த்தல்லவா அழுத்தம் வைத்திருக்கிறாள். ஸ்க்ரூவைத் தளர்த்தினார். பாதிச் சுரங்கள் ஊமையாயின, மீதி இடித்தன.

"பழைய அளவுக்கே வெச்சிருங்க."

"அதைக் குறிக்கல புள்ள. தப்பா இருக்கறத யாரு குறிச்சு வெப்பாங்க?"

"அந்தப் பழைய குழாயவே மாட்டுனா?"

"உருவறப்பவே பொடிஞ்சு போச்சு."

"போனுலயும் புடிச்சு வெக்கல நாம. பெட்டிதான் ஊட்டுலயே இருக்குதேன்னு..."

அவர் ஸ்க்ரூவை மறுபடி திருகினார், மறுபடி தளர்த்தினார். அங்கம்மாள் அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு யாரும் கேக்க வேண்டாமுங்க. அவ கேட்டாப்புல ஒருக்கா எனக்கு வந்தாப் போதும். வருமில்லீங்க?"