ஆனிமேரி டீச்சர் பின்னிய தும்பிக்கை

திருநகர் ஆனிமேரி டீச்சர் குரோஷா ஊசியால் ஒரு யானை பொம்மை பின்னிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்குத் தங்கை மகள் ஆஷ்லின் பிறந்தநாள் கேக் வெட்ட வருகிறாள். யானை இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். தும்பிக்கை மட்டும்தான் பாக்கி. நுனியில் தொடங்கிப் பத்துச் சுற்றில் நிறுத்தி, தலையோடு தைக்கவேண்டும். கணக்குத் தப்பாமலிருக்க, சுற்றுக்கு ஒரு மணியாக ஜெபமாலையை உருட்டினார். பத்து மணிகள் தாண்டி, இடைவெளி விட்டுக் கோத்த தனி மணி விரலில் பட்டால் நிறுத்திவிடலாம்.

தனி மணி வரும் நேரம் பார்த்துத்தான் கணவர் ஆரோக்கியநாதன் வாயைத் திறப்பார்.

"மேரி, இது யானையா, எருமையா?"

"யானைதாங்க. செத்த சும்மா இருங்க!"

அதற்குள் மணி நழுவிவிடும். வட்டமான மாலைக்கு முடிவு ஏது? சுற்று ஓடிக்கொண்டே இருந்தது.

"தும்பிக்கை இம்புட்டு நீளமாவா இருக்கும்?"

"உங்க நாக்கைவிடக் கம்மிதான்!"

மூன்று மணிக்குத் தும்பிக்கை ஜன்னல் வழியே தெருவில் இறங்கியது. மூன்றரைக்குப் பஸ் ஏறியது. கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்தார் என்பது ஊரார் கட்டிவிட்ட பொய், முழு டிக்கெட்தான்.

நான்கு மணி நெருங்கவே டீச்சர் எண்ணுவதை விட்டுவிட்டு, தன் கையிலிருந்த முனையைத் தலையில் தைத்து முடிக்கவும், ஆஷ்லின் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

"பெரியம்மா, பழங்காநத்தம் ஸ்டாப்புக்கே தும்பிக்கை வந்துருச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டே வந்துட்டேன்!"

கேக் வெட்டியாயிற்று. டீச்சர் அப்போதுதான் மூச்சு விட்டார். ஆரோக்கியநாதன் யானையின் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"மேரி, வாலைக் காணோமே?"

டீச்சர் ஊசியை எடுத்தார்.

"முதல்ல உங்க வாயைத் தைச்சுட்டு, வாலுக்கு வாரேன்."