வெளுத்த மாப்பிள்ளை

சந்திரனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை மறைத்துப் பேச எனக்கு வராது. கல்யாணம் பேசியாகிவிட்டது. மழை பெய்து நடவு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். மழைதான் வருவேனா என்றது. அதனால் மழை வேண்டி ஊரில் தவளைக் கல்யாணம் என்றதும் எல்லோரையும்விட அதிகம் ஆடியவள் நான்தான்.

பெண் தவளை புத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊர், மாப்பிள்ளைத் தவளை சந்திரன் ஊர். எல்லை பிரிக்கிற சமயம் அது. அவர்கள் ஊர் மதராஸுக்குப் போகும், எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நிற்கும் என்று பேச்சு. முதல்நாள் மாலை மேளத்தோடு மண்சட்டியில் வந்து இறங்கினார் மாப்பிள்ளை. கன்னங்கரேலென்று ஒரு மரத்தவளை. வந்த மாப்பிள்ளையைச் சட்டியிலா படுக்க வைப்பது? பித்தளைக் குண்டானில் வெள்ளை வேட்டியை நனைத்து விரித்து, அதில் இறக்கி, மெல்லிய துணியால் வாயைக் கட்டினேன்.

காலையில் சந்திரனின் அப்பா வேதாச்சலம் துணியை அவிழ்த்தார். உள்ளே மோர் நிறத்தில் ஒரு தவளை.

"எங்க மாப்ள கருப்பு. இது யாரு?"

"அதே தவளதான் சம்பந்தி," என்றார் என் நைனா.

"எல்லைக்கோடு போடறதுக்கு முன்னாடியே ஆள மாத்திட்டீங்க. தவளைய மாத்தற வூட்ல நான் பொண்ணு எடுக்கமாட்டேன். சந்திரா, வாடா."

சந்திரன் நகரவில்லை, அதுவரைக்கும் நல்லது. இந்தக் களேபரத்தில் தவளை தாவி வேப்பமரத்தில் ஏறிக்கொண்டது. சண்டை ஓய்ந்து தேடினால் ஆளையே காணோம். ஒரு காக்கைகூட அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் வாயோடு போனது. நான் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மரப்பட்டை கண்ணைச் சிமிட்டியது.

பிடித்து நீட்டினேன். பழையபடி கன்னங்கரேல்.

"பாத்தியா, நம்ம மாப்ளய மரத்துல ஒளிச்சி வெச்சிக்கினு இருந்திருக்காங்க," என்றார் வேதாச்சலம்.

வந்த கோபத்தில் மாமனார் என்றும் நான் பார்க்கவில்லை. "மாமா, உக்காருங்க. எல்லாரும் பாத்துக்கினே இருங்க," என்று சொல்லி, கூட்டத்து நடுவில் அதே குண்டானில், அதே வேட்டியில் தவளையை விட்டுக் கட்டினேன். பந்தி போட்டோம். பாயசம் வரைக்கும் யாரும் குண்டானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நைனா ரசத்தை மடியில் ஊற்றிக்கொண்டார்.

துணியை அவிழ்த்தேன். மோர் நிறம்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேதாச்சலம் சிரிக்கவில்லை. தவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"டேய், இவ வூட்ல ஒரு ராத்திரி இருந்ததுக்கே நம்மூரு தவளை வெளுத்துப் பூட்டுது. உன் கதி இன்னா ஆவும்?"

"பரவால்ல நைனா," என்றான் சந்திரன்.

"அப்ப இன்னிக்கே வெளுத்துக்கோ. மேளம் இங்கியேதான இர்க்குது."

மழை அதன் இஷ்டத்துக்கு வரட்டும் என்று, தவளைகளுக்கு அடுத்த முகூர்த்தத்தில் நான் கழுத்தை நீட்டினேன்.