பால் பட்ட பலகை

பத்து பெரண்டாம் என்ற ஊரில் குடிபுகுந்த புது வீட்டில் ஷாந்தினி பாலை நன்றாகவே பொங்கவிட்டாள். பொங்கி வழியத்தானே காய்ச்சுவது? உறவெல்லாம் கைதட்டியது. பால் அடுப்பின் இரண்டு பக்கமும் வழிந்து புதுக் கேபினட்டுக்குள் இறங்கியது. சில நாளில் வலப்பக்கப் பலகை ஊறிய ரொட்டிபோல் உப்பி, கதவு மூட மறுத்தது.

கேபினட் அடித்துக் கொடுத்தவர் கணவனின் தாய்மாமன் சேகரன். ரெம்பியாவிலிருந்து மாமியார் மீனம்மா வந்திருந்த அன்று, உறவினர் நிறைந்த கூடத்தில் சேகரன் தீர்ப்புச் சொன்னார்.

"பால் பொங்குனா குடும்பம் பொங்கும்னு பாத்தேன். இங்க பலகைதான் பொங்கிருக்கு."

சிரித்து ஓய்ந்தார்கள். தரையில் செங்கல் வைத்துக் காய்ச்சச் சொன்னேனே, கேட்டாளா என்றார் மீனம்மா. குடும்ப வாட்சாப் குழுவில் மறுநாளே ஷாந்தினிக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது.

தன்மேல்தான் தப்போ என்று அவளும் மருகினாள். ஆனால் பால் இரண்டு பக்கமும் வழிந்ததே, இடப்பக்கம் ஏன் வீங்கவில்லை? டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள். இடப்பலகையின் விளிம்பில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருந்தது. வலப்பக்கம், கேஸ் குழாய்க்காக வெட்டிய விளிம்பு மட்டும் மூடப்படாமல், அழுத்திய மரத்தூள் பல்லிளித்தது.

அப்போதும் அவளுக்கு நிச்சயமில்லை. மிஞ்சிக் கிடந்த பலகைத் துண்டை இரண்டாக அறுத்து, ஒன்றின் வெட்டுவாயில் மட்டும் நகப்பூச்சைக் கெட்டியாகப் பூசினாள். காய்ந்ததும் இரண்டையும் தண்ணீர்த் தட்டில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள். மாலையில் வேலை முடிந்து வந்தபோது பூசாத துண்டு அடியில் தடித்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. பூசியது வைத்தபடி நின்றது. இரண்டையும் துடைத்து எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வந்த சேகரனின் கோப்பைக்குப் பக்கத்தில் இரண்டு துண்டுகளையும் வைத்து விளக்கினாள். அவசரத்தில் விட்டுப்போச்சு, வேறு பலகை மாற்றித் தருகிறேன், வெளியே சொல்லாதே என்றார் அவர். மாமாதான் மாற்றித் தருகிறேன் என்கிறாரே, இன்னும் என்ன வேண்டும் என்று கணவன் கோகுலராஜ் முனகினான்.

"பலகைய விடுங்க. எல்லார் முன்னாடியும் என்னைய சொன்னார்ல, அத முதல்ல மாத்தட்டும்."

மீனம்மாவைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, மாமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

சேகரன் கோகுலராஜைப் பார்த்தார். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"பால் மேல தப்பில்லக்கா," என்றார் கடைசியில். "நான்தான் விளிம்ப ஒட்டாம விட்டுட்டேன்."

"சரி, விடுடா. இத குரூப்ல போட்டுக்கிட்டு இருக்காதீங்க லா," என்றார் மீனம்மா.

ஷாந்தினி அழைப்பைத் துண்டித்தாள். இரண்டு துண்டுகளையும் படமெடுத்தாள். எது மாமா விட்டதுபோல் மூடாத விளிம்பு, எது மூடிய விளிம்பு என்று கீழே எழுதிக் குழுவில் போட்டாள்.